விழுந்த இடம் வேறு, வழுக்கிய இடம் வேறு: டிபக்கரால் மெமரி பிழைகளைப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், ராத்திரி ஷிப்டில் வரும் போன் நல்ல செய்தியாக இருக்காது. 1972-இல் அங்கே தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது. இன்டெல் பினாங்குக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அன்றிலிருந்து சிப் சோதனை பினாங்குக்காரர்களுக்குப் பழகிய தொழில். நான் வேலை செய்த ஓர் இடத்தில், சோதனை இயந்திரத்திலிருந்து வரும் முடிவுகளைச் சேர்த்து, ஒவ்வொரு லாட் (ஒன்றாகச் சோதிக்கும் சிப் தொகுதி) முடிந்ததும் அறிக்கை அச்சிடும் ஒரு சி புரோகிராம் இருந்தது. பகலில் ஒழுங்காக ஓடும். ராத்திரி மூன்று மணி வாக்கில் செத்துவிடும். எல்லா ராத்திரியும் இல்லை, சில ராத்திரி மட்டும்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கிராஷ் ஆன வரியைக் கண்டுபிடித்துவிட்டான். அறிக்கையில் லாட்டின் பெயரை அச்சிடும் வரி அது. அந்த ஒரே வரியை மூன்று நாளாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, இந்த வரியில ஒன்னுமே தப்பில்லையே" என்றான். அவன் சொன்னது உண்மைதான், அந்த வரியில் ஒரு தப்பும் இல்லை. மெமரி பிழைகளின் குணமே இதுதான். புரோகிராம் விழுவது ஓரிடம், அது வழுக்கியது எங்கோ வேறிடம், சில நேரம் பல மணி நேரத்துக்கு முன்னால். டிபக்கர் என்பது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி. அதை வைத்து நாம் செய்யப்போவது, விழுந்த இடத்திலிருந்து வழுக்கிய இடத்துக்குப் பின்னோக்கி நடப்பது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நடையைப் பற்றித்தான்.

ஒரு விஷயம். கட்டளைகளை எல்லாம் ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். புரோகிராமில் உள்ள பெயர்களையும் தமிழாக்கியிருக்கிறேன்.

முதலில் தயாரிப்பு

லினக்ஸை வைத்துத்தான் சொல்கிறேன். உபுண்டுவில் ஜிசிசி (கம்பைலர்), ஜிடிபி (டிபக்கர்), வால்கிரின்ட் (மெமரி பிழை தேடும் கருவி) மூன்றையும் ஏப்ட் மூலம் போட்டுக்கொண்டால் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல்லுக்குள் உபுண்டு போட்டுக்கொள்ளலாம். மேக்கில் ஜிடிபியோடு மல்லுக்கட்ட வேண்டாம், அங்கே எல்எல்டிபி இருக்கிறது. கட்டளைகள் கொஞ்சம் மாறும், யோசனை அதேதான்.

கம்பைல் செய்யும்போது இரண்டு கொடிகள் முக்கியம்: '-ஜி', '-ஓ0'. முதலாவது, எந்த வரி எந்த முகவரி என்ற தகவலைப் புரோகிராமோடு சேர்த்து வைக்கும். இரண்டாவது, கம்பைலர் தன் இஷ்டத்துக்கு வரிகளை மாற்றிப் போடாமல் தடுக்கும். அது இல்லாவிட்டால், நீங்கள் ஒரு வேரியபிளைக் காட்டச் சொன்னால் ஜிடிபி 'ஆப்டிமைஸ்ட் அவுட்' என்று கைவிரிக்கும். '-ஓ0' போட்டால் பிழை மறைந்துவிடுகிறது என்றால் '-ஓஜி' போட்டுப் பாருங்கள். அதிலும் மறைந்தால் கடைசிப் பகுதிக்குப் போங்கள், அது வேறு ரகம்.

புரோகிராம் செத்தபோது டெர்மினலில் என்ன வந்தது என்பதைக் கவனியுங்கள். வெளியேறும் எண் 139 என்றால் 128-உடன் 11 சேர்ந்தது. 11-ஆம் சிக்னல் செக்மென்டேஷன் ஃபால்ட், தனக்குச் சொந்தமில்லாத முகவரியைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் 128-உடன் 6, அதாவது அபார்ட். பெரும்பாலும் மெமரி நூலகமே தன் கணக்குப் புத்தகம் கெட்டுப்போனதைக் கண்டு புரோகிராமை நிறுத்தியிருக்கும். 'டபுள் ஃப்ரீ', 'இன்வேலிட் பாயிண்டர்', 'கரப்டட்' போன்ற சொற்கள் அந்தச் செய்தியில் இருக்கும். இந்த இரண்டாவது ரகத்தில், சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்த பிறகுதான் உங்களுக்குச் செய்தியே வருகிறது.

ராத்திரி செத்ததைப் பகலில் பிரேதப் பரிசோதனை செய்ய, கோர் கோப்பு வேண்டும், அதாவது செத்த கணத்தில் புரோகிராமின் நினைவகம் இருந்த நிலையின் பிரதி. புரோகிராமை ஓட்டும் டெர்மினலில் முதலில் 'யூலிமிட் -சி அன்லிமிடெட்' என்று தட்டிவிடுங்கள். கோப்பு எங்கே போகிறது என்பது ஒவ்வொரு லினக்ஸிலும் மாறும். 'கேட் /புரோக்/சிஸ்/கெர்னல்/கோர்_பேட்டர்ன்' என்று தட்டினால் தெரியும். சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும் இயந்திரமாக இருந்தால் 'கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி' ஒன்றே போதும், கடைசியாகச் செத்ததை எடுத்து ஜிடிபியில் திறந்து வைத்துவிடும்.

விழுந்த இடத்தைப் படிப்பது

ஜிடிபியில் முதலில் தட்ட வேண்டியது 'பிடி', அதாவது பேக்டிரேஸ். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசை வரும். எங்களுக்கு வந்தது இப்படி: 0-ஆம் படியில் ஸ்டிரிங் நீளம் பார்க்கும் நூலக ஃபங்ஷன், அதற்கு மேலே பிரின்ட்எஃப்பின் உள்வேலைகள், அப்புறம் நம்முடைய 'அறிக்கை_அச்சிடு', அதற்கு மேலே 'லாட்_முடி', கடைசியில் 'மெயின்'. நூலகத்துக்குள் விழுந்தால் நூலகத்தைச் சந்தேகப்பட வேண்டாம். 'அப்' என்று தட்டித் தட்டி நம் சொந்த ஃபங்ஷன் வரும் வரை ஏறுங்கள்.

அங்கே நின்றுகொண்டு 'இன்ஃபோ லோக்கல்ஸ்', பிறகு 'பிரின்ட் லாட்->பெயர்'. ஜிடிபிக்குள்ளேயே ஓட்டியபோது எங்களுக்குக் கிடைத்த முகவரி, பதினாறின் அடிமானத்தில், 555500000007. அந்த முகவரியைத் தொட முடியவில்லை என்று ஜிடிபி சொன்னது.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டளைக்கு ஓடாதீர்கள். ஜிடிபிக்குள் ஓடும்போது ஹீப் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) முகவரிகள் வழக்கமாக 5555-இல் தொடங்கி நீளமாகப் போகும். இங்கே முன்பாதி சரியாக இருக்கிறது. பின்பாதி மட்டும் துடைத்தெடுத்தது போல் 7. பாயிண்டர், அதாவது ஒரு முகவரியை வைத்திருக்கும் வேரியபிள், 8 பைட். அதில் 4 பைட் நல்லபடி இருக்கிறது, 4 பைட் கெட்டிருக்கிறது. அப்படியானால் யாரோ 4 பைட் உள்ள ஒரு முழு எண்ணை, அதாவது ஓர் இன்டை, இந்தப் பாயிண்டரின் மேல் எழுதியிருக்கிறார்கள். எழுதிய எண் 7. சோதனைத் தளத்தில் வேலை செய்தவர்களுக்கு 7 என்றதுமே பொறி தட்டும். சோதனை முடிவின் வகை எண்ணை 'பின்' என்போம். எங்கள் ஏற்பாட்டில் பின் 1 என்றால் நல்ல சிப், பின் 7 என்றால் ஒரு வகைத் தோல்வி. சிப்பின் முடிவு, லாட்டின் பெயரை மிதித்திருக்கிறது!

முடிவும் பெயரும் எப்படிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள் என்று பார்க்க ஒரு நல்ல கட்டளை உண்டு: 'பிடைப் /ஓ ஸ்டிரக்ட் லாட்'. ஒவ்வொரு உறுப்பும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று காட்டும். முதலில் 40 முடிவுகள், தலா 4 பைட், மொத்தம் 160. சரியாக 160-இல் பெயர் பாயிண்டர் தொடங்குகிறது. 168-இல் எண்ணிக்கை. மீதி 4 பைட் வெறும் இடைவெளி. மொத்தம் 176.

இப்போது அந்த 176 பைட்டையும் பச்சையாகப் பார்க்கலாம். 'எக்ஸ்/44டிடபிள்யூ லாட்' என்று தட்டினால், 4 பைட் துண்டுகளாக 44 எண்கள், வரிக்கு நான்காக, 11 வரிகள் வரும். முதல் பத்து வரிகளில் 1, 1, 1, 7, 1 என்று முடிவுகள் ஓடுகின்றன. பதினோராவது வரி இது: 7, 21845, 41, 0.

தம்பியைக் கூப்பிட்டு அந்த ஒரே வரியைப் படிக்கச் சொன்னேன். 21845 என்பது பதினாறின் அடிமானத்தில் 5555, பாயிண்டரின் தப்பிப் பிழைத்த பாதி. எக்ஸ்86 பிராசசர் எண்ணின் பின்பாதியைத்தான் நினைவகத்தில் முதலில் வைக்கும், அதனால் இது இரண்டாவதாக வருகிறது. அதற்கு முன் உள்ள 7, நாற்பத்தோராவது முடிவு. அப்புறம் உள்ள 41 எண்ணிக்கை. 40 சிப் வைக்கும் தட்டில் 41 முடிவு. "எப்படிக்கா நாப்பத்தொன்னு வரும்?" என்றான். மூன்று நாளாக அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். அச்சிடும் வரியையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தோன்றும்?

எழுதியவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது

எது கெட்டது என்று தெரிந்துவிட்டது. யார் கெடுத்தது என்பதற்கு வாட்ச்பாயிண்ட். ஜிடிபியில் நான் ஒரே ஒரு கட்டளையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். பிரேக்பாயிண்ட் ஒரு வரியில் காவல் நிற்கும். வாட்ச்பாயிண்ட் நினைவகத்தின் ஓர் இடத்தில் காவல் நிற்கும். எந்த வரி அந்த இடத்தில் எழுதினாலும் பிடித்துவிடும்.

செய்முறை இது. லாட் உருவாகும் ஃபங்ஷனில் பிரேக் வையுங்கள்: 'பிரேக் லாட்_தொடங்கு'. 'ரன்' என்று தட்டுங்கள். நின்றதும் 'ஃபினிஷ்' தட்டி அந்த ஃபங்ஷன் முடியும்வரை விடுங்கள். பிறகு 'நெக்ஸ்ட்' தட்டினால், திரும்பி வந்த பாயிண்டர் நம் வேரியபிளில் உட்கார்ந்துவிடும். இப்போது 'வாட்ச் -எல் லாட்->பெயர்'.

அந்த '-எல்' கொடியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஜிடிபி 'லாட்' என்ற வேரியபிளையும் சேர்த்துக் கவனிக்கும். அந்த வேரியபிள் இருக்கும் ஃபங்ஷன் முடிந்ததும், காவலும் முடிந்துவிட்டதாகச் சொல்லி வாட்ச்பாயிண்டைக் கலைத்துவிடும். '-எல்' போட்டால் முகவரியை ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜிடிபி பதிலாக 'ஹார்ட்வேர் வாட்ச்பாயிண்ட்' என்று சொன்னால் நிம்மதி. பிராசசரே கவனித்துக்கொள்ளும், வேகம் குறையாது. எக்ஸ்86 பிராசசர்களில் இதற்கென்று நான்கு ரெஜிஸ்டர்கள்தான் உண்டு, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட்டைக் கவனிக்கும். பெரிய அரேயை முழுதாகக் கவனிக்கச் சொன்னால் ஹார்ட்வேர் என்ற சொல் போய்விடும். ஜிடிபி ஒவ்வொரு கட்டளையாக நின்று நின்று பார்க்க ஆரம்பிக்கும். பாலத்தைக் கார் ஓட்டிக் கடக்காமல் நடந்து கடப்பது மாதிரி. கெடும் இடம் எது என்று முதலில் 4 பைட் வரை சுருக்கிக்கொண்டது இதற்காகத்தான்.

'கன்டினியூ' தட்டினோம். முதலில் பெயர் நியாயமாக வைக்கப்படும் இடத்தில் நின்றது. பழைய மதிப்பு 0, புதிய மதிப்பு ஒழுங்கான முகவரி. சரி, மறுபடி 'கன்டினியூ'. சோதனைத் தளத்திலிருந்து எடுத்துவந்த ராத்திரி லாட்டின் பதிவுகளை ஊட்டிக்கொண்டே இருந்தோம். இரண்டாவது முறை நின்றபோது பழைய மதிப்பு நல்ல முகவரி, புதிய மதிப்பு 555500000007. நின்ற ஃபங்ஷன் 'முடிவு_சேர்'.

இங்கே ஒரு சின்னக் கண்ணி. வாட்ச்பாயிண்ட், எழுதி முடித்த பிறகுதான் நிற்கும். ஆகவே ஜிடிபி காட்டும் வரி பெரும்பாலும் குற்றவாளிக்கு அடுத்த வரி. எங்களுக்குக் காட்டியது எண்ணிக்கையை ஒன்று கூட்டும் வரி. எழுதியது அதற்கு முந்தைய வரி. அதற்கும் மேலே இருந்த நிபந்தனை: எண்ணிக்கை 40-ஐவிடப் பெரியதாக இருந்தால் திரும்பிவிடு. 40-க்குச் சமமாக இருந்தால்? உள்ளே விட்டுவிடும். ஒரு சமக்குறி விட்டுப்போயிருந்தது.

ஏன் சில ராத்திரி மட்டும்? ராத்திரி ஷிப்டில் தோற்ற சிப்பை உடனே மறுசோதனை செய்வார்கள். மறுசோதனை முடிவு பழையதை மாற்றாமல் புதிதாக ஒன்று சேரும். தட்டு நிறைந்த பிறகு ஒரு மறுசோதனை வந்தால் நாற்பத்தோராவது முடிவு. பகலில் மறுசோதனையை லாட் முடிந்த பிறகு தனியாகச் செய்தார்கள், அதனால் ஒன்றும் ஆகவில்லை.

லாட்டுகள் நூற்றுக்கணக்கில் உருவாகிப் போகும் புரோகிராமில், எந்த லாட்டில் காவல் வைப்பது என்ற கேள்வி வரும். பிரேக்குக்கு நிபந்தனை போடலாம்: 'பிரேக் லாட்_தொடங்கு இஃப் எண் == 37'. இன்னொன்று, லாட்டை ஃப்ரீ செய்த (அதன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்த) பிறகு அதே இடம் வேறு யாருக்காவது போனால், வாட்ச்பாயிண்ட் அங்கேயும் நிற்கும். அதைப் பார்த்துக் குழம்பாமல் 'டிலீட்' செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சானிடைசர் பிடிக்குமா?

"இதையெல்லாம் அட்ரஸ் சானிடைசரே பிடித்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கம்பைலரே புரோகிராமுக்குள் மெமரி சோதனைகளைச் சேர்த்துவிடும் வசதி அது. மேலே சொன்ன பிழையை அது பிடிக்காது. வால்கிரின்டும் பிடிக்காது. ஹீப்பில் இரண்டும், மாலக் அல்லது காலக் (நினைவகம் ஒதுக்கித் தரும் ஃபங்ஷன்கள்) தந்த துண்டின் எல்லையைத்தான் காவல் காக்கின்றன. 176 பைட் துண்டுக்குள்ளேயே ஓர் உறுப்பு பக்கத்து உறுப்பை மிதித்தால் அது வீட்டுக்குள் நடக்கும் சண்டை, வாசல் காவலாளிக்குத் தெரியாது. '-எஃப்சானிடைஸ்=பவுண்ட்ஸ்' என்ற கொடி போட்டிருந்தால் பிடித்திருக்கும், ஏனென்றால் அரேயின் அளவு 40 என்று கம்பைலருக்கு அங்கே தெரியும். அதே அரேயை வெறும் பாயிண்டராக வேறு ஃபங்ஷனுக்கு அனுப்பி அங்கே எழுதினால் அந்தக் கொடியும் கைவிட்டுவிடும்.

அட்ரஸ் சானிடைசர் உண்மையில் கலக்கும் இடம், ஃப்ரீ செய்த பிறகு தொடும் பிழை. குர்னி டிரைவ் மாதிரி ஒரு சாப்பாட்டுத் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் சார் குவே தியாவ் சொல்லிவிட்டு மேசை எண் 17 என்கிறீர்கள். பிறகு காற்று வரும் பக்கம் இடம் மாறிவிடுகிறீர்கள். கடைக்காரர் கையில் இருப்பது இன்னும் 17-தான். அந்த மேசை காலியாக இருந்தால் தட்டு அங்கே அநாதையாக நிற்கும், நீங்கள் போய் எடுத்துக்கொள்வீர்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே வேறு குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டால்தான் சண்டை. அந்தச் சண்டை நீங்கள் இடம் மாறிய நேரத்தில் நடக்காது, தட்டு வந்து சேரும் நேரத்தில் நடக்கும். ஃப்ரீ செய்த லாட்டின் முகவரியைத் திரை காட்டும் திரெட் (அதே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டம்) கையில் வைத்திருந்தால், நடப்பது இதுவே.

கம்பைல் செய்யும்போது '-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்', '-ஜி', '-எஃப்நோ-ஓமிட்-ஃபிரேம்-பாயிண்டர்' மூன்றும் போடுங்கள். லிங்க் செய்யும்போதும் முதலாவது வேண்டும். ஓட்டுங்கள். பிழை நடந்த கணமே புரோகிராம் நிற்கும். அறிக்கையில் மூன்று பேக்டிரேஸ் வரும்: தொட்டது எங்கே, ஃப்ரீ செய்தது எங்கே, முதலில் ஒதுக்கியது எங்கே. திரெட்கள் வேறாக இருந்தால் அதையும் சொல்லும். பலர் முதலாவதை மட்டும் படிப்பார்கள். நான் இரண்டாவதிலிருந்து படிப்பேன், வழுக்கிய இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மேசை மாறிய இடம் அது.

உங்கள் நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு பைட் நிழல் கணக்கு வைத்திருக்கும் இந்தக் கருவி. ஒதுக்கிய துண்டுகளைச் சுற்றி வேலி போடும். ஃப்ரீ செய்ததை உடனே மறுபடி வாடகைக்கு விடாமல் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்திருக்கும். அதனால்தான் பழைய மேசைக்குப் புதுக் குடும்பம் வருவதற்குள் உங்களைப் பிடிக்க முடிகிறது. புரோகிராம் சுமார் இரண்டு மடங்கு மெதுவாகும், மெமரியும் கூடுதலாகத் தின்னும்.

இதை ஜிடிபியோடு சேர்த்து ஓட்டினால், பிழை நடந்த இடத்தில் நின்று வேரியபிள்களைப் பார்க்கலாம். 'ஏசான்_ஆப்ஷன்ஸ்' என்ற சூழல் வேரியபிளில் 'அபார்ட்_ஆன்_எரர்=1' வையுங்கள். அப்போது அறிக்கை அச்சிட்டதும் அபார்ட் ஆகும், ஜிடிபி பிடித்துக்கொள்ளும். அதே இடத்தில் 'டிடெக்ட்_லீக்ஸ்=0' என்பதையும் சேர்த்துவிடுங்கள். கசிவு (ஃப்ரீ செய்யாமல் விட்ட நினைவகம்) பார்க்கும் பகுதிக்கு டிபக்கரோடு ஒத்துவராது, முடியும் நேரத்தில் சம்பந்தமில்லாத ஒரு பிழைச் செய்தியைத் துப்பும். அதைப் பார்த்துவிட்டு அரை நாள் வீணாக்கியிருக்கிறேன்.

ஒருபோதும் நிரப்பப்படாத மதிப்புகள்

வால்கிரின்ட் என்று எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் வால்கிரைண்ட் என்றுதான் சொல்வார்கள். நார்ஸ் புராணத்து வாசல் ஒன்றின் பெயர் அது, 'கிரின்ட்' என்று முடிய வேண்டும். ஜூலியன் சேவார்ட் எழுதி 2002-இல் வெளிவந்தது. மெதுவானது, 10 முதல் 30 மடங்கு வரை இழுக்கும். ஆனால் மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை. நிரப்பாத மதிப்பை வைத்து முடிவெடுக்கும் பிழையில் இதற்கு நிகர் இல்லை.

இந்த ரகப் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. புரோகிராமைப் புதிதாகத் தொடங்கினால் சரியாக இருக்கும், சில மணி நேரம் ஓடினால் கோளாறு வரும். கெர்னல் புதிதாகத் தரும் பக்கங்கள் சுழியத்தால் நிரப்பப்பட்டிருக்கும். மாலக் அவற்றைத் தந்தால், நீங்கள் நிரப்ப மறந்த இடம் தற்செயலாக 0. பிறகு ஃப்ரீ ஆகித் திரும்பி வந்த துண்டைத் தரும்போது, பழைய குடித்தனக்காரரின் குப்பை அப்படியே இருக்கும்.

'வால்கிரின்ட் --டிராக்-ஆரிஜின்ஸ்=எஸ்' என்று போட்டு, பின்னால் உங்கள் புரோகிராமின் பெயர். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: நிரப்பாத மதிப்பைப் பிரதி எடுத்தால் வால்கிரின்ட் வாய் திறக்காது. அதை வைத்து ஓர் 'இஃப்' முடிவெடுக்கும்போதோ, அதை முகவரியாகப் பயன்படுத்தும்போதோ, கெர்னலுக்கு அனுப்பும்போதோதான் புகார் சொல்லும். ஆகவே அது காட்டும் வரியும் விழுந்த இடம்தான். மேலே சொன்ன கொடி போட்டால், அந்த மதிப்பு எந்த மாலக்கில் பிறந்தது என்பதையும் புகாரின் கீழே எழுதும். அந்த வரிதான் உங்களுக்கு வேண்டியது.

ஜிடிபியையும் இதனோடு கோத்துவிடலாம். ஒரு டெர்மினலில் வால்கிரின்டை '--விஜிடிபி-எரர்=0' என்ற கொடியோடு ஓட்டுங்கள். அது தொடங்கியதும் காத்திருக்கும். இன்னொரு டெர்மினலில் அதே புரோகிராமை ஜிடிபியில் திறந்து 'டார்கெட் ரிமோட் | விஜிடிபி', பிறகு 'கன்டினியூ'. ஒவ்வொரு புகாரிலும் புரோகிராம் நிற்கும், நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். அங்கிருந்தபடியே 'மானிட்டர் லீக்_செக்' என்றால் அந்த நிமிடம் வரையிலான கசிவுக் கணக்கு வரும். 'மானிட்டர் ஹூ_பாயின்ட்ஸ்_ஏட்' என்று ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்தத் துண்டை யாரெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும். 'ஃப்ரீ செய்ய வேண்டியவர் யார்' என்ற சண்டையை இது பலமுறை தீர்த்து வைத்திருக்கிறது.

கசிவு

கசிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. '--லீக்-செக்=ஃபுல்' போட்டு ஓட்டி, முடிவில் 'டெஃபினிட்லி லாஸ்ட்' என்பதை முதலில் சரிசெய்யுங்கள். 'இன்டைரக்ட்லி லாஸ்ட்' பெரும்பாலும் அதோடு சேர்ந்து தானே போய்விடும். ஏமாற்றுவது 'ஸ்டில் ரீச்சபிள்'தான். யாரோ ஒருவர் இன்னும் பாயிண்டரை வைத்திருக்கிறார், ஆகவே தொலையவில்லை என்று வால்கிரின்ட் சும்மா இருந்துவிடும். முடிந்த லாட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்காமல் சேர்த்துக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். மூன்று ஷிப்டும் ஓடும் இயந்திரத்தில் அது கசிவுக்குச் சமம். அதற்கு, மெமரி எங்கே கூடுகிறது என்று காட்டும் மாசிஃப் அல்லது ஹீப்டிராக் வைத்துப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் சட்டென்று பார்க்க வேண்டுமானால், ஜிடிபியை '-பி' கொடியோடு அந்தப் புராசஸ் எண்ணில் ஒட்டவைத்து, 'கால் (வாய்டு)மாலக்_ஸ்டாட்ஸ்()' என்று தட்டலாம். எவ்வளவு ஒதுக்கியது, எவ்வளவு உபயோகத்தில் இருக்கிறது என்பதைப் புரோகிராமின் எரர் வெளியீட்டில் எழுதும். உபுண்டுவில் இதற்கு சூடோ தேவைப்படும். ஆனால் ஒட்டவைத்ததும் புரோகிராம் நின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள். சோதனைத் தளத்தில் புரோகிராம் நின்றால் இயந்திரத்தின் கையும் நிற்கும், சூப்பர்வைசர் உங்களைத் தேடி வருவார். அங்கே 'ஜிகோர்' வைத்துக் கோர் எடுத்துக்கொண்டு, உங்கள் மேசையில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. கணம்தான் நிற்கும், பிறகு ஓடும்.

டிபக்கருக்குள் வந்தால் ஒளிந்துகொள்ளும் பிழை

வெளியே சாகிறது, ஜிடிபிக்குள் சாகமாட்டேன் என்கிறது. இதற்கு முக்கியமான ஒரு காரணம், ஜிடிபி இயல்பாகவே முகவரிகளைக் கலைத்துப் போடும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்திருப்பது. 'செட் டிசேபிள்-ரேண்டமைசேஷன் ஆஃப்' தட்டிவிட்டுப் பலமுறை ஓட்டுங்கள். இன்னொரு வழி, 'மாலக்_பெர்டர்ப்_' என்ற சூழல் வேரியபிளில் 0 அல்லாத ஓர் எண்ணை வைப்பது. ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) ஒதுக்கும்போதும் ஃப்ரீ செய்யும்போதும் நினைவகத்தைக் குப்பையால் நிரப்பும். அதிர்ஷ்டத்தில் தப்பித்துக்கொண்டிருந்த பிழை உடனே வெளியே வரும்.

இதற்கும் அசையாவிட்டால் ஆர்ஆர். மொசில்லாவில் பிறந்த கருவி. 'ஆர்ஆர் ரெக்கார்ட்' என்று ஓட்டினால் நடந்தது அத்தனையும் பதிவாகும். திரெட் சம்பந்தப்பட்டது என்று சந்தேகம் இருந்தால் '--கேயாஸ்' சேர்த்துப் பலமுறை ஓட்டுங்கள், ஒருமுறை செத்தால் போதும். அப்புறம் 'ஆர்ஆர் ரீப்ளே'. ஜிடிபி திறக்கும், எத்தனை முறை ஓட்டினாலும் அதே முகவரிகளோடு அதே மரணம். விழுந்த இடத்தில் நின்றுகொண்டு, கெட்டுப்போன இடத்தில் 'வாட்ச் -எல்' வைத்து, 'ரிவர்ஸ்-கன்டினியூ' தட்டுங்கள். புரோகிராம் பின்னோக்கி ஓடி, அந்த இடத்தில் கடைசியாக எழுதியவரிடம் போய் நிற்கும். எந்த லாட்டில் காவல் வைப்பது என்ற கவலையே இல்லை. முதல்முறை பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். ஒரே குறை, பிராசசரின் கணக்கிடும் கவுன்டர்கள் இதற்கு வேண்டும். பல மெய்நிகர் இயந்திரங்கள் அவற்றைத் தருவதில்லை. சொந்த லினக்ஸ் லேப்டாப் ஒன்று இருந்தால் அதில் ஓட்டுங்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். சமக்குறியைச் சேர்த்தோம். மறுசோதனை முடிவு பழைய இடத்திலேயே எழுதப்படும்படி மாற்றினோம், ஏனென்றால் நாற்பத்தொன்றை நிராகரித்தால் அந்தச் சிப்பின் உண்மையான முடிவு தொலைந்துபோகும். பிறகு அதே ராத்திரிப் பதிவு, அதே 'வாட்ச் -எல் லாட்->பெயர்'. தம்பிதான் தட்டினான். பெயர் வைக்கும் இடத்தில் ஒருமுறை நின்றது. 'கன்டினியூ' தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு நிறைந்தது, மறுசோதனை வந்தது, அறிக்கை அச்சாகி முடிந்தது. ஜிடிபி வேறெங்கும் நிற்கவில்லை. "அக்கா, வாட்ச்பாயிண்ட் வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்றான். சமக்குறியை எடுத்துவிட்டு, மறுசோதனை மாற்றத்தையும் பின்வாங்கிவிட்டு, இன்னொருமுறை ஓட்டச் சொன்னேன். மறுபடி 'முடிவு_சேர்' ஃபங்ஷனில் வந்து நின்றது.